சுரங்கப்பாதைக்குள் ஒரு புள்ளி

செப்டம்பர் 4, வியாழன்

நூலக மாடியில் இன்று முதல் கூட்டம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். மின்விசிறி இரண்டு, ஓடியது ஒன்று.

விஷயம் இதுதான். எல்லா ஊர்களின் சாலைகளையும் ஒரே விதிப்படி கணினி வரைபடமாக ஆக்குகிறார்கள். எங்கள் ஊரில் பன்னிரண்டு வார்டுகளுக்கு ஆள் போதவில்லை. அதனால் வார்டுக்கு ஓர் ஆசிரியர் என்று எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் வரைந்து கொடுக்கும் படத்தை வைத்துத்தான் அடுத்த வருடம் மினி பஸ் எந்தெந்தத் தெருவில் ஓடும் என்று முடிவு செய்வார்களாம்.

சொல்லிக் கொடுக்க வந்திருப்பவள் ஷபானா. வேலூர்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. எதற்கு ஒரே விதி என்று யாரோ கேட்டார். அவள் ஆரம்பிப்பதற்குள் நான் ஓர் உதாரணம் சொன்னேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஆற்றுக்கு அவரவர் இஷ்டத்துக்கு வண்ணம் தீட்டினால், ஒவ்வொரு படமும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாற்பதையும் ஒட்டினால் நாடு வராது. ஷபானா அதைக் குறித்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வருடம் பூகோளம் நடத்தியவளுக்கு இதுகூடத் தெரியாதா?

பிறகு ஒருங்கிணைப்பாளர் தேர்வு. பள்ளி வெள்ளி விழாவுக்கு நான் வரைந்த ஊர்ப் படத்தைச் சுருட்டிக் கையில் கொண்டு போயிருந்தேன். யாரும் அதை என்னவென்று கேட்கவில்லை. ஷபானா கேட்டது வேறு: வெயிலில் அலையக்கூடியவர் யார், எல்லாரையும் ஒரு சத்தத்தில் கூப்பிடக்கூடியவர் யார்? பத்து வாய்கள் ஒரே பெயரைச் சொல்லின. கிரேஸ் டீச்சர்.

எங்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவர். விசில், கொக்கோ, மூன்று கால் ஓட்டம். வரைபடத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நானும் கை தூக்கினேன். தூக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். போனில் நான்கு வாழ்த்து. அதில் ஒன்று வங்கியிலிருந்து.

செப்டம்பர் 8, திங்கள்

பயிற்சி நடை. ஒரு தெருவை எப்படி எடுப்பது என்று ஷபானா கடைவீதியில் செய்து காட்டினாள். தெருவின் தொடக்கத்தில் நின்று போனில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வண்டி போகும் திசையிலேயே நாமும் நடக்க வேண்டும். திருப்பம் வந்தால் இன்னொரு புள்ளி. புள்ளிகளைக் கோடாக்குவது பிறகு கணினியில். வேகத்தடை, அகலம், ஒருவழி எல்லாவற்றுக்கும் குறியீடு உண்டு.

பாதித் தெருவைத் தாண்டவில்லை, தையல் கடையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து கிரேஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கண் கலங்கியிருந்தது. "டீச்சர், நீங்க ஓட விட்ட ஓட்டத்துலதான் டீச்சர் நான் இன்னும் ஒல்லியா இருக்கேன்." எல்லாரும் சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் யோசித்து, "நீங்க மேத்ஸா டீச்சர்?" என்றாள்.

அவள் பெயர் கோமதி. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, இரண்டாவது பெஞ்ச். ஆஸ்திரேலியாவை இலங்கைக்குக் கீழே ஒட்டினாற்போல வரைவாள். எத்தனை முறை திருத்தியிருப்பேன். எனக்கு அவள் பெயர் தெரியும். கிரேஸுக்குத் தெரியவில்லை. "ஏ குட்டி" என்றுதான் கூப்பிட்டார். கோமதி அதற்கே பூரித்துப் போனாள்.

கடைவீதி முடிவதற்குள் இது இன்னும் ஐந்தாறு முறை நடந்தது. பழக்கடை, மருந்துக்கடை, ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கிய ஒரு பெண் போலீஸ். நான் வேகத்தடைகளைக் குறித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஷாக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. "சாப்பிட உக்காந்ததுலருந்து ஏழாவது தடவ அவங்க பேரைச் சொல்ற" என்றார்.

இது பொறாமை இல்லை. எழுதியே வைக்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

வார்டு பிரித்தாகிவிட்டது. எனக்குப் பதினேழு: பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி, அங்கிருந்து ரயில் பாதை வரை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பதினெட்டு, மில் காலனி. மில் மூடி வருடங்கள் ஆகின்றன, ஜனங்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். அது கிரேஸுக்கு. அவள் வீடும் அங்கேதான். இனிமேல் இந்த நோட்டில் அவள் என்றே எழுதப்போகிறேன். என் நோட்டு.

இரண்டு வார்டையும் இணைப்பது ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை ஒன்றுதான். இல்லாவிட்டால் பைபாஸ் ஏறி ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

மாலையில் கணினிப் பயிற்சி. இன்று கற்றதில் முக்கியமானது: இரண்டு கோடுகள் திரையில் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரிந்தால் போதாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு புள்ளி இருக்க வேண்டும். அந்தப் புள்ளி இல்லையென்றால் நம் கண்ணுக்குச் சாலை, கணினிக்கு முட்டுச்சந்து. அது வேறு வழியைத் தேடிப் போய்விடும். மற்றவர்களுக்கு இது பிடிபடவில்லை. நான் சொன்னேன்: சட்டையில் பொத்தானும் காஜாவும் நேருக்கு நேராக இருந்தால், தூரத்தில் நின்று பார்ப்பவருக்குச் சட்டை மூடியிருப்பது போலத்தான் தெரியும். மாட்டினால்தானே மூடும்?

"அடடா, தமயந்தி டீச்சர் சொன்னா எனக்கே புரியுது" என்றாள் கிரேஸ். எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். பாராட்டுவதைப் போல ஒரு பெரிய மனுஷத்தனம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வீட்டு வேலைக்கு வரும் முத்துப்பேச்சி மில் காலனிக்காரி. பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள், "டீச்சர், நீங்க கோடு போட்டாத்தான் எங்களுக்கு பஸ் வருமாமே. எங்க கிரேஸ் டீச்சர் சொன்னாக."

அவள் மகள் நர்சிங் படிக்கிறாள். பேருந்து நிலையத்தில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாக நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். உள்ளே விளக்கு எரிந்து பல மாதம் ஆயிற்று. வாயில் நாலு பேர் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் முத்துப்பேச்சி தினமும் ஆறு மணிக்கு அந்த வாயில் போய் நிற்கிறாள். மகள் அந்தப் பக்கம் வந்து போன் அடித்ததும், இவள் உள்ளே இறங்கிப் போய்க் கூட்டிவருவாள். மழை நாளில் முழங்கால் தண்ணீர். பஸ் வந்துவிட்டால் இப்படிக் காத்து நிற்பது முடிந்துபோகும்.

கட்டாயம் வரும் என்றேன். அந்தப் பக்கம் வரை கோடு போடுவது நான்தான் என்றும் சொன்னேன். "அப்ப நீங்களும் கிரேஸ் டீச்சருக்கு ஒத்தாசையா?" என்று கேட்டாள்.

வேலைக்காரர்களிடம் கோபித்துக்கொள்வது என் வழக்கமில்லை. வாளியை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். நல்ல காரியம் என்றுதான் நினைக்கிறேன்.

பெரிய திரையில் எல்லாருடைய படங்களையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, கிரேஸின் வார்டில் ஒரு தவறு கண்ணில் பட்டது. மில் கேட் ரோடு ஒருவழிப் பாதை. ஒருவழி என்று குறித்தால், கோடு எந்தப் பக்கமிருந்து வரையப்பட்டதோ அந்தத் திசைதான் வண்டி போகும் திசை. அவள் வடக்கே தன் வீட்டுப் பக்கமிருந்து நடந்து வந்திருக்கிறாள். வண்டி வருவதோ தெற்கிலிருந்து. ஆக, அவள் படத்தை நம்பினால் ஊர் லாரி எல்லாம் எதிர்த்திசையில் போக வேண்டும்.

தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு பேரும் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் அல்லவா? எழுந்து நின்று, திரைக்குப் பக்கத்தில் போய், குச்சியால் காட்டி விளக்கினேன். தேவைக்கு மேல் இரண்டு முறை தட்டினேன், சந்தோஷத்தில் இருக்கலாம்.

அவள் முகம் சுண்டும் என்று பார்த்தேன். பையிலிருந்து விசிலை எடுத்து ஊதி, "ஃபவுல்! பதினெட்டாம் நம்பர் வெளியே போ" என்று தன்னையே வாசலுக்கு அனுப்பிக்கொண்டாள். மாடி முழுக்கச் சிரிப்பு. ஷபானாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வாசல் வரை போய்த் திரும்பிவந்து, அந்தக் கோட்டைத் திருப்பிப் போட்டாள்.

சரியாகச் சொன்னது நான். கைதட்டல் அவளுக்கு.

செப்டம்பர் 24, புதன்

காலையிலிருந்து தலைவலி. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

எல்லா வார்டும் அநேகமாக முடிந்தது. மீதி இருப்பது எல்லை ஒட்டுதல். பக்கத்துப் பக்கத்து வார்டுக்காரர்கள் இருவரும் எல்லைக்குச் சேர்ந்து போக வேண்டும். தெரு எந்த இடத்தில் ஒரு வார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறதோ அங்கே நின்று, இருவர் போனிலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் புள்ளி பூட்டும். ஒருவர் மட்டும் எத்தனை முறை அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. பின்னால் சண்டை வரக்கூடாது என்பதற்காக இப்படி ஒரு விதி.

கிரேஸ் குழுவில் செய்தி போட்டிருந்தாள்: "எல்லாரும் அவங்கவங்க பக்கத்து வார்டுகூடப் போய் புள்ளியைப் பூட்டிடுங்க. லேட்டா வந்தா ரெண்டு ரவுண்டு ஓட்டம்." கூடவே விசில் படம்.

எல்லாருக்கும் பொதுவாகப் போட்டது. எனக்குத் தனியாக ஒரு வார்த்தை இல்லை. நான் பக்கத்து வார்டு அல்லவா? போன் செய்து, டீச்சர், எப்போது போகலாம் என்று கேட்டால் விசில் தேய்ந்தா போய்விடும்?

அக்டோபர் 7, செவ்வாய்

மற்ற எல்லைகளைப் பூட்டியாகிவிட்டது. பதினாறாம் வார்டு ஆல்பர்ட் சார் வெயில் தாழ வந்தார், இருவரும் போய்ப் பத்து நிமிடத்தில் முடித்தோம்.

திரும்பும்போது பார்த்தேன். டீக்கடை வாசலில் கிரேஸும் பத்தொன்பதாம் வார்டு டீச்சரும் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எல்லை முடித்ததற்குப் பஜ்ஜி வேறு. கிரேஸ் கை காட்டினாள். நானும் காட்டினேன். அவள் கூப்பிடவில்லை, நான் நிற்கவில்லை.

இவரிடம் சொன்னதற்கு, "நீயே ஒரு போன் போட்டா என்ன?" என்றார். ஒருங்கிணைப்பாளர் அவள்தானே என்று கேட்டேன். இவர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

அக்டோபர் 9, வியாழன்

மழை. என் கோட்டைச் சுரங்கப்பாதையின் நடு வரை கொண்டுபோய் நிறுத்தினேன். அந்தப் பக்கமிருந்து அவள் கோடும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரே சாலை போலத்தான் தெரிகிறது.

இன்று கடைசி நாள். 'முடிந்தது' என்பதை அமுக்கினேன். வார்டு பச்சையாக மாறியது. சாயங்காலம் பதினெட்டும் பச்சையாகிவிட்டது.

பொத்தானும் காஜாவும் நேருக்கு நேராகத்தான் இருக்கின்றன.

அக்டோபர் 10, வெள்ளி

ரசத்தில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

சோதனை ஓட்டம். போக்குவரத்து அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பன்னிரண்டு வார்டும் ஒன்றாகத் திரையில் வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சுவரில் மாட்டிய எந்தப் படத்தையும்விட அழகு. எங்கள் ஊர் இவ்வளவு பெரியதா என்று இருந்தது.

ஷபானா ஒவ்வொரு பகுதியாகப் பேருந்து நிலையத்திலிருந்து வழி கேட்டாள். நீலக்கோடு ஓடிப் போய்ச் சேரும். தூரம் வரும். மினி பஸ்ஸுக்கு ஒத்துவந்தால் பட்டியலில் ஏறும்.

மில் காலனி என்று கேட்டதும் நீலக்கோடு ரயில் பாதையை நோக்கிப் போகவில்லை. திரும்பி, பைபாஸில் ஏறி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகக் காலனிக்குள் நுழைந்தது. இவ்வளவு தூரத்துக்கு மினி பஸ் கட்டுப்படியாகாது என்றார் அதிகாரி. சப்வே மூடியிருக்கிறதா என்று கேட்டார். ஷபானாவுக்கு உள்ளூர் தெரியாது. கிரேஸைப் பார்த்தாள்.

கிரேஸ் என்னைப் பார்த்தாள்.

நான் திரையைப் பார்த்தேன். ஒரு கணம், அதிகாரி அவளிடம் "உங்க வார்டு சப்வே பக்கம் சேரலையே மேடம், கோஆர்டினேட்டர் நீங்கதானே?" என்று கேட்டபோது, எனக்குள் ஏதோ குளிர்ந்தது. இந்த முறை விசில் வரவில்லை. "பார்த்துச் சொல்றேன் சார்" என்றாள், மெதுவாக. அவளுக்கு அவ்வளவு சின்னக் குரல் உண்டு என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

பட்டியல் வெள்ளிக்கிழமை போய்விடுமாம். இப்போதைக்கு மில் காலனி இல்லாமல்.

வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் குளிர்ச்சி எங்கேயோ போய்விட்டது. பேருந்து நிலையத்தில் நர்சிங் கல்லூரிப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மழை தூறியது.

அக்டோபர் 15, புதன்

முத்துப்பேச்சி ஒன்றும் கேட்கவில்லை. காலனிக்குள் செய்தி போயிருக்கும். நானாகத்தான் பேச்சை எடுத்தேன். "அது கெடக்கு டீச்சர். எங்களுக்கு நின்னு பழக்கந்தான்" என்றாள். நேற்று மகள் வரத் தாமதமாம். தண்ணீருக்குள் இறங்கிப் போனபோது காலில் பாட்டில் துண்டு கிழித்திருக்கிறது. துணி கட்டியிருந்தாள். அந்தக் காலோடு வந்து என் வீட்டைக் கூட்டினாள்.

மருந்து போட்டுவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்றாள். என்னால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் நானே கிளம்பினேன். சுரங்கப்பாதையில் நடந்து போய்ப் பல வருடம் இருக்கும். என் வார்டின் எல்லை என்று கோடு போட்ட எனக்கு, அதன் வாடை எப்படி இருக்கும் என்பது மறந்துபோயிருந்தது. கணுக்கால் வரை தண்ணீர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி கடந்தேன். நடுவில் ஒரு கணம் இரண்டு வாயும் ஒரே தூரத்தில் தெரிந்தன. அந்தப் பிள்ளை தினமும் கடக்கும் இடம் இது என்று நினைத்துக்கொண்டேன்.

கிரேஸ் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "உங்க வீட்டுக்குத்தான் டீச்சர் கிளம்பினேன்" என்றாள். நம்பலாமா என்று தெரியவில்லை. ஒரு காலில் ஷூ இருந்தது. எப்படியானாலும் முதலில் போனது நான்தான். அது இங்கே பதிவாகட்டும்.

சுரங்கப்பாதைக்குள் புள்ளியைப் பூட்டுவதில் ஒரு சிக்கல். மேலே வானம் தெரியாவிட்டால் போனுக்கு இடம் பிடிபடாது. செயற்கைக்கோள் அங்கே எட்டிப் பார்க்காது. அப்படிப்பட்ட இடத்துக்கு ஷபானா ஒரு முறை சொல்லிக் கொடுத்திருந்தாள்: இரண்டு வாயிலும் வானத்தின் கீழே ஆளுக்கொரு புள்ளி வைத்துவிட்டு, அங்கிருந்து எல்லை வரை நாடாவால் அளந்து போட வேண்டும். அவ்வளவு நீளமான நாடாவுக்கு எங்கே போவது என்று நான் யோசிப்பதற்குள் கிரேஸ் வீட்டுக்குள் போய் எடுத்துவந்தாள். நீளம் தாண்டுதலுக்கு அளக்கும் நாடா. எத்தனை விளையாட்டு விழா பார்த்தது! பாதி எண்கள் மணலில் தேய்ந்திருந்தன.

நாடாவின் முனையை நான் பிடித்து என் பக்க வாயில் நின்றேன். அவள் சுருளைப் பிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் நடந்தாள். தண்ணீர் வடிய நடுவில் போட்டிருக்கும் இரும்புச் சல்லடைதான் எல்லை. பிறகு அவள் பக்கம், அதேபோல. கடைசியில் இருவரும் சல்லடைக்கு மேலே நின்றோம். தலைக்கு மேலே ஒரு கூட்ஸ் வண்டி போனது. அது முடியும் வரை பேச முடியாது. நீளமான வண்டி.

அது போனபின் நான் சொன்னேன். கோடு சேரவில்லை என்று தெரிந்துதான் முடிந்தது என்று அமுக்கினேன் என்று.

"எனக்கும் தெரியும் டீச்சர்" என்றாள். "நானும் தெரிஞ்சுதானே பச்சை போட்டேன். நீங்க வந்து கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன். மேப்பு உங்க சப்ஜெக்ட்டு. என்னையப் போய் லீடராப் போட்டுட்டாங்க. நான் எப்படி உங்களைக் கூப்பிடுறது? அன்னைக்கு ஒன்வேக்குக் குச்சி வச்சுக் காட்டுனீங்களே, அப்பவே எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு."

விசில் ஊதினீர்களே என்றேன்.

"பின்ன அழவா செய்வாங்க?"

தண்ணீர் சொட்டும் சத்தம். நாடாவைச் சுருட்டிக்கொண்டே அவள் பேசினாள். "மார்ச் மாசம் வந்தா உங்க தலை கிரவுண்டு பக்கம் தெரியும். டீச்சர், ஒரே ஒரு பீரியடுன்னு நிப்பீங்க. பிள்ளைங்க பந்தை என் கையில குடுத்துட்டு உங்க பின்னாடி போகும். மேப்பு வரையப் போறோம்னு கலர் பென்சிலைத் தூக்கிட்டு, அப்படியே வரிசையாப் போகும். நான் தொண்டை கிழியக் கத்துனாலும் அந்த வரிசை வராது. நான் பந்தை வச்சுக்கிட்டு நெட்டுக் கம்பத்தைப் புடிச்சிட்டு நிப்பேன்."

"போர்ஷன் முடிக்கணும்ல டீச்சர்" என்றேன்.

"முடிச்சீங்களா?"

"ஒரு வருஷமும் முடிச்சதில்ல."

அவள் சிரித்தாள். சுரங்கப்பாதை அந்தச் சிரிப்பை இரண்டு பக்கமும் அனுப்பியது. பாதையின் வாயில் உட்கார்ந்திருந்த ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அளவுகளைப் போட்டுவிட்டு இருவரும் போனைக் கையில் வைத்துக்கொண்டோம். "ஆன் யுவர் மார்க்" என்றாள். விசில் ஊதினாள். அமுக்கினோம். முதல் தடவை நான் அவளை முந்திவிட்டேனாம், பூட்டவில்லை. இரண்டாம் தடவை பூட்டியது.

அப்போது ஒரு பெண் பைக்கில் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தாள். எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, "கிரேஸ் டீச்சர்!" என்று கத்திவிட்டுப் போனாள். என் சேலை முழுக்கச் சேறு.

அக்டோபர் 17, வெள்ளி

மறுபடி ஓட்டினார்கள். மில் காலனி என்று ஷபானா தட்டியதும், நீலக்கோடு கொஞ்சமும் யோசிக்காமல் நேரே ரயில் பாதைக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் ஏறியது. பட்டியலில் ஏற்றிவிட்டார்கள்.

அதிகாரி கிரேஸிடம் கை கூப்பி, ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க மேடம் என்றார். அவள் என் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னாள். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது.

அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒருங்கிணைப்பாளர் பெயர் மட்டும்தான் இருக்குமாம். அதுதான் விதி என்றாள் ஷபானா. விதி என்றால் விதிதான். நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கிரேஸ் வந்தாள். முறுக்கு பிரமாதம் என்றாள், என்னிடம் அல்ல, இவரிடம். மாவு பிசைந்து கொடுத்தது தான்தான் என்று இவரும் ஒப்புக்கொண்டார். இருவரும் ஒரு மணி நேரம் பழைய கிரிக்கெட் பேசினார்கள். இவருக்கு இவ்வளவு பேச வரும் என்பதே எனக்குச் செய்தி.

முத்துப்பேச்சிக்குச் சேலையோடு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் வாங்கிக் கொடுத்தேன். பஸ் வரும் வரைக்கும்.

பிப்ரவரி 2, திங்கள்

இன்று முதல் மினி பஸ்.

பேருந்து நிலையத்தில் வாழை மரம், மைக், மாலை. பஸ்ஸின் நெற்றியில் பேருந்து நிலையம் – ஆஸ்பத்திரி – சுரங்கப்பாதை – மில் காலனி என்று எழுதியிருந்தது. நாலு சொல்லையும் இரண்டு முறை வாசித்தேன். எழுத்தில் பிழை இல்லை.

யாரோ யோசனை சொல்ல, கண்டக்டர் தன் விசிலைக் கிரேஸிடம் கொடுத்து, முதல் விசில் நீங்க ஊதுங்க டீச்சர் என்றார். அவள் தன்னுடையதையே பையிலிருந்து எடுத்து ஊதினாள். நிலையமே கைதட்டியது. ஓட்டுநர்கூடத் திரும்பிச் சிரித்தார். தையல்காரி கோமதி போன் பிடித்துப் படம் எடுத்தாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். தூசி கண்ணில் பட்டது.

ஏறும்போது ஒரே நெரிசல். காலனி ஜனம் முழுக்க வந்திருந்தது. முத்துப்பேச்சியும் வெள்ளைச் சீருடையில் மகளும் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பிள்ளை அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கத் தொடங்கியிருந்தது. நிற்கத்தான் வேண்டும் என்று கம்பியைப் பிடித்தேன்.

"டீச்சர், இங்க."

முன்னாலிருந்து மூன்றாவது சீட்டு. கிரேஸ் தனக்குப் பக்கத்தில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். நின்றுகொண்டிருந்த இரண்டு பேர் அவளை முறைத்தார்கள். அவள் கைக்குட்டையை எடுத்து உதறி, இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரி தாண்டி பஸ் சரிவில் இறங்கியது. வெளிச்சம் போயிற்று. சுரங்கப்பாதையின் நடுவே சல்லடை மேல் டயர் ஏறி ஒரு குலுக்கல். கிரேஸ் முழங்கையால் என்னை இடித்தாள். நானும் இடித்தேன். அடுத்த கணம் வெயில், அந்தப் பக்கம்.

ஒன்றை மட்டும் எழுதிவிட்டு விளக்கை அணைக்கிறேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது அவள். இடம் மாறலாமா என்றதற்கு, சப்வேக்குள்ள பார்க்க என்ன டீச்சர் இருக்கு என்று கேட்டாள். இருந்தாலும் ஜன்னல் ஜன்னல்தானே? நாளைக்கு நான் முதலில் ஏறிக்கொள்வேன். கைக்குட்டை எடுத்து வைத்துவிட்டேன்.